ஏழு தண்ணீரும் ஒரே மழையும்

ஷாஃபிஈ மத்ஹபின் சட்டப் பாடத்தைத் தொடங்கும் மதரஸா மாணவன் முதன்முதலில் சந்திப்பது தண்ணீரைத்தான். தொழுகைக்கு முன் தூய்மை. தூய்மைக்கு முன் தண்ணீர். எந்தெந்தத் தண்ணீரால் உளூச் செய்யலாம் என்பதை அபூ ஷுஜாஃ அவர்களின் சிறிய சட்ட நூல் ஏழாக வகுத்துத் தருகிறது. வானத்து நீர், கடல் நீர், ஆற்று நீர், கிணற்று நீர், ஊற்று நீர், பனி நீர், ஆலங்கட்டி நீர் ஆகியவையே அந்த ஏழு. மாணவர்கள் விரல்களை மடக்கி மடக்கி இதை மனனம் செய்வார்கள். எத்தனையோ ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வருகிறேன். அதில் வினாவுக்கு இடமிருக்கும் என்று எண்ணியதே இல்லை.

2017ஆம் ஆண்டின் கோடையில் அந்த வினா வந்தது. எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர். அந்த ஆண்டு பள்ளிவாசல் ஹவ்ளு வறண்டு கிடந்தது. மதரஸாக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியவில்லை. லாரித் தண்ணீரைக் குடத்தில் அளந்து கொடுத்து, பிள்ளைகளை உளூச் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது பதினொரு வயது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

“ஹஜ்ரத், ஆறும் கிணறும் ஊற்றும் மழையால்தானே நிறைகின்றன? பனியும் ஆலங்கட்டியும் வானத்திலிருந்துதானே விழுகின்றன? அப்படியென்றால் கடலைத் தவிர மற்றவை எல்லாம் ஒன்றுதானே? ஏன் ஏழு என்று எண்ணுகிறோம்?”

தண்ணீர் எங்கே பிறந்தது என்று சட்ட நூல் ஆராய்வதில்லை, நம் கைக்கு அது எந்த உருவில் வந்து சேருகிறது என்றே பார்க்கிறது என்று பதில் சொன்னேன். பதில் தவறன்று. ஆனால் அவனுடைய கேள்வி என் பதிலைவிடப் பெரிது என்பது அன்றிரவு படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோது விளங்கிற்று. நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், விஞ்ஞானம் பயின்றவனல்லன். ஆகவே நூலகத்திற்குச் சென்று கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படிக் கற்றவற்றைத்தான் வாசக சகோதர சகோதரிகளுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் எனக்கு ஆறுதல் அளித்த செய்தி ஒன்று. அந்தச் சிறுவனின் கேள்விக்குப் பதில் காண மனித குலமே நெடுங்காலம் தடுமாறியிருக்கிறது. ஊற்றுகளும் ஆறுகளும் எங்கிருந்து நீர் பெறுகின்றன? ஐரோப்பிய அறிஞர்கள் பலர், கடல் நீர் நிலத்துக்கடியில் கசிந்து சென்று, உப்பு நீங்கி, மலைகளின் மேல் ஊற்றாகப் பொங்குகிறது என்றே நெடுங்காலம் நம்பினர். மழை மட்டும் இத்தனை ஆறுகளுக்குப் போதுமா என்ற ஐயம் அவர்களுக்கு. 1674ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பியர் பெரோ என்பவர் செய் நதியின் தலைப்பகுதியில் பெய்யும் மழையையும் அங்கே ஓடும் நீரையும் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓடும் நீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு மழை பெய்வதாகக் கணக்குச் சொன்னது. போதுமா என்ற ஐயம் அத்தோடு ஆட்டம் கண்டது.

ஆனால் அவருக்கு அறுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, பாரசீகத்தைச் சேர்ந்த கணித மேதை அல்-கரஜீ, நிலத்தடியில் மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்வது பற்றி அரபியில் ஒரு நூல் எழுதினார். அது ஏறத்தாழ கி.பி. 1017இல். மழையும் உருகிய பனியுமே நிலத்தடி நீருக்கு மூலம் என்பது அவர் கருத்து. அவர் ஏட்டறிஞர் மட்டுமல்லர். நிலத்தடிக் கால்வாய்கள் வெட்டுவது எப்படி, அவற்றின் மட்டத்தை அளப்பது எப்படி என்றெல்லாம் விளக்கியவர். இந்தச் செய்தியைப் படித்தபோது, என் மாணவன் எத்தகையோர் வரிசையில் போய் நின்றான் என்று எண்ணி மகிழ்ந்தேன், அவனிடம் சொல்லவில்லை. தலைக்கனம் வந்துவிடும்.

ஒன்பது நாள் விருந்தாளி

பூமியில் உள்ள தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழரைப் பங்கு உப்பு நீர். எஞ்சிய இரண்டரைப் பங்கே நன்னீர். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துருவங்களிலும் மலைச் சிகரங்களிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. பெரும்பாலான மீதம் நிலத்தடியில். ஆறு, ஏரி, குளம் என்று நம் கண் காணும் நன்னீர் அனைத்தையும் கூட்டினாலும் நன்னீரில் நூற்றில் அரைப் பங்கைக்கூட எட்டாது.

இந்தக் கையளவு நீரை வைத்துக்கொண்டு உலகத்து உயிர்கள் எல்லாம் வாழ்வது எப்படி? அது நின்றுகொண்டே இருப்பதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் விடை. நம் தலைக்கு மேலே காற்றில் ஆவியாகக் கலந்திருக்கும் நீர் முழுவதும் ஒரே நேரத்தில் மழையாகக் கொட்டினால், பூமியின் மேல் ஓர் அங்குல உயரம், அதாவது சுமார் 25 மில்லிமீட்டர்தான் நிற்கும். ஆனால் பூமி முழுவதற்குமான ஆண்டுச் சராசரி மழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர். எனில், காற்று தன்னிடமுள்ள ஈரத்தை ஆண்டுக்கு நாற்பது தடவை இறைத்துவிட்டு, நாற்பது தடவை நிரப்பிக்கொள்கிறது. ஒரு துளி ஆவியாகி மேலே போனால் சராசரியாக ஒன்பது நாட்களில் மழையாகவோ பனியாகவோ திரும்பிவிடுகிறது. விருந்து மூன்று நாள் என்பார்கள்; இந்த விருந்தாளி ஒன்பது நாள் தங்குகிறது.

ஆவியாகும்போது உப்பு கீழேயே நின்றுவிடுகிறது. கடல் நீரைக் குடிநீராக்க வளைகுடா நாடுகளில் எவ்வளவு எரிபொருளும் மின்சாரமும் செலவாகின்றன என்பதை அங்கே பணிபுரியும் நம் சகோதரர்கள் அறிவார்கள். அதே வேலையைக் கதிரவனின் வெப்பம் நாள்தோறும் கட்டணமின்றிச் செய்துகொண்டிருக்கிறது.

மழைத்துளியின் பிறப்பும் வியப்புக்குரியது. ஆவி தானாகத் துளியாகி விடுவதில்லை. ஒட்டிக்கொள்வதற்கு ஒரு தூசு வேண்டும். அலைகள் உடையும்போது காற்றில் கலக்கும் கடலுப்பின் நுண்துகளோ, பாலைவனத்துப் புழுதியோ, புகையின் கரியோ அந்த வேலையைச் செய்கிறது. அப்படி உருவாகும் மேகத்துளி மிக நுண்ணியது. ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. பிள்ளைகளின் படப் புத்தகங்களில் மழைத்துளியைக் கண்ணீர்த்துளி போல, மேலே கூராகவும் கீழே உருண்டையாகவும் வரைகிறார்கள். உண்மையில் சிறு துளிகள் உருண்டை. பெரிய துளிகளோ காற்று கீழிருந்து அழுத்துவதால் அடிப்புறம் தட்டையாகி, தட்டில் வைத்த இட்லியைப் போல விழுகின்றன. அந்தக் காற்றின் தடை இல்லாவிட்டால், ஓராயிரம் மீட்டருக்கு மேலிருந்து விழும் துளி நம் தலையில் எந்த வேகத்தில் இறங்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். பயிரின் இலை கிழியாமலும், குருவிக் குஞ்சின் தலை உடையாமலும் அது மெல்ல இறங்குகிறது.

தரையில் பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஆறாகவும் நிலத்தடி ஓட்டமாகவும் கடலைச் சேருகிறது. மீதமெல்லாம் மண்ணிலிருந்தும் மரஞ்செடிகளின் இலைகளிலிருந்தும் மீண்டும் ஆவியாகிவிடுகிறது. காடும் வயலும் மழையைக் குடிப்பதோடு நில்லாமல், அடுத்த மழைக்கு ஈரத்தைத் திருப்பியும் கொடுக்கின்றன. ஆற்று நீர் ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சற்று வருத்தமாக இருக்கும். வயலுக்குத் திருப்பக்கூடிய நீரைத் தேக்காமல் விடுவது குறைதான். ஆனால் கழிமுகத்தில் ஆறு சேர்க்கும் நன்னீரும் வண்டலும் இல்லாவிட்டால், இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளர இடமேது? கரையோர மீனவனைக் கேட்டால் நல்ல மழைக்கும் நல்ல பாட்டுக்கும் உள்ள உறவைச் சொல்வான்.

உணவின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ அரிசி விளைய, மழையாகவும் பாசனமாகவும் வயலுக்குச் செல்லும் நீர் சராசரியாக 2,500 லிட்டர். வலீமா விருந்துக்கு ஒரு தேக்சாவில் இருபத்தைந்து கிலோ அரிசி போடுகிறோம் என்றால், அந்தத் தேக்சாவுக்குள் அறுபதாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் இருக்கிறது. உலகத்துச் சாகுபடி நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு வாய்க்காலையோ மோட்டாரையோ கண்டதில்லை. வானத்தை மட்டுமே பார்த்துக் கிடக்கிறது.

மண்ணின் அத்தர்

முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையை விரும்பாதவர் யார்? 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகிய இருவரும் அந்த வாசனைக்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் சூட்டினர். வறண்ட நாட்களில் மண்ணிலும் பாறையிலும் படிந்துவிடும் எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் வெளிப்படுவதை அவர்கள் ஆராய்ந்தனர். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளும் இதில் சேர்கிறது. மனித மூக்கு அதனை மிக மிக நுண்ணிய அளவிலேயே கண்டுகொள்ளும் ஆற்றல் பெற்றது.

விஞ்ஞானிகள் பெயர் சூட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே, உத்தரப்பிரதேசத்துக் கன்னோசி நகரத்து அத்தர் தொழிலாளர்கள் அந்த மழை மணத்தைக் குப்பியில் அடைத்துவிட்டார்கள் என்பதுதான் சுவையான செய்தி. ‘மிட்டி அத்தர்’ என்பது அதன் பெயர். சுட்ட களிமண் வில்லைகளைச் செம்புத் தேக்சாவில் நீரோடு இட்டு, வாய்க்கட்டி, அடியில் தீ மூட்டி ஆவியை வடித்து, அதனைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். மேற்சொன்ன ஆஸ்திரேலிய அறிஞர்களும் தம் ஆய்வில் இந்த அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த முறை அத்தர்க் கடைக்குச் செல்லும் சகோதரர்கள் கேட்டுப் பார்க்கலாம். நான் ஒருமுறை வாங்கினேன். ஜும்ஆவுக்குப் பூசிச் சென்றபோது பக்கத்தில் இருந்தவர், வெளியே மழையா என்று சன்னலைப் பார்த்தார்.

உப்பின்மேல் மிதக்கும் கிணறு

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். கடலோர ஊர்களில் வாழ்பவர்களுக்கு ஒரு புதிர் உண்டு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிணறு தோண்டினால் இனிப்பான நீர் வருகிறது. அது எப்படி? எங்கள் முன்னோர் காரணம் கேட்கவில்லை. கிணறு தோண்டினார்கள், குடித்தார்கள்.

காரணம் மழைதான். மணலில் விழும் மழை கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே கசிந்து நிற்கும் கடல் நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது. உப்பு நீர் கனமானது. எண்ணெய் நீரின்மேல் மிதப்பது போன்ற நிலை. 1880களின் இறுதியில் ஹாலந்து நாட்டுப் படை அதிகாரி கைபன் என்பவரும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் இதற்கு ஒரு கணக்குக் கண்டனர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறதல்லவா? இதையே திருப்பிப் படியுங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி, மேலே ஓர் அடி நீர்மட்டத்தைத் தாழ்த்தினால், கீழே உப்பு நீர் நாற்பது அடி மேலேறி வரும். உடனே வராது, மெல்ல மெல்ல வரும். வந்த பின் லேசில் போகாது.

வாளியும் கயிறும் இருந்த காலத்தில் இந்தச் சமநிலை கெடவில்லை. இறைப்பவரின் தோள்வலியே அளவுகோலாக இருந்தது. பிறகு வீட்டுக்கு வீடு ஆழ்குழாய் வந்தது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த மாடி வீடுகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தண்ணீர்த்தொட்டி அமர்ந்தது. முற்றங்கள் சிமெண்டால் மூடப்பட்டன. பெய்த மழை தெருவோடு ஓடிக் கடலுக்குப் போயிற்று. குறை சொல்ல நான் யார்? எங்கள் வீட்டிலும் மோட்டார் உண்டு.

இதன்மேல் 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பெருமளவும் மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால், தமிழகத்தின் கீழைக் கரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலைக் கடந்து வரும் காற்றையே நம்பியிருக்கிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்று மாதங்களில்தான். இயல்பாகச் சுமார் 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய அப்பருவத்தில், 2016இல் பெய்தது 168 மில்லிமீட்டர். நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது.

உப்பு வந்ததை முதலில் கண்டுபிடித்தவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். பருப்பு வேகவில்லை என்றார் என் தாயார். சோப்பு நுரைக்கவில்லை என்றாள் என் மனைவி. தேநீர் திரிந்தது. நான்தான், ஆணுக்கே உரிய அலட்சியத்தோடு, கடைக்காரன் பழைய பருப்பைக் கொடுத்திருப்பான் என்றேன். சில வாரங்களில் கிணற்றடித் தென்னையின் ஓலை நுனி கருகிற்று. ஊர்மக்கள் திடலில் கூடி இரண்டு முறை மழைத்தொழுகை தொழுதார்கள். வெயில் தாங்காத முதியவர்களும் வந்து நின்றதைக் கண்டேன். பெண்கள் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, தஹஜ்ஜுத் நேரம் முதலே விழித்திருந்தார்கள். அந்த நாட்களில்தான் அந்த மாணவன் என்னிடம் அக்கேள்வியைக் கேட்டான்.

அண்டை நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கிழக்கிலங்கைக் கரையில் ஏறியபோது, உயிர்களைக் கொண்டுசென்றதோடு ஆயிரக்கணக்கான கிணறுகளையும் உப்பாக்கிவிட்டது. தொண்டு நிறுவனங்கள் மோட்டார் வைத்துக் கிணறுகளை இறைத்து இறைத்துக் கொட்டின. உப்பு மீண்டும் ஊறி வந்தது. சில இடங்களில் அளவுக்கு மீறி இறைத்ததாலேயே நிலைமை மோசமாயிற்று. கடைசியில் மணலுக்குள் இறங்கியிருந்த உப்பைக் கழுவி வெளியேற்றியது அடுத்தடுத்து வந்த பருவமழைதான்.

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் வேறு கதை. அந்தச் சிறிய தீவில் மக்கள் பெருகி, மழை சேர்த்து வைத்த நிலத்தடி நன்னீரை உறிஞ்சித் தீர்த்துவிட்டதால், நகரமே கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையை நம்பியிருக்கிறது. 2014 டிசம்பர் 4 அன்று அந்த ஆலையில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிக்க நீரின்றித் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊருக்கு ஆகாய மார்க்கமாகத் தண்ணீர்! அவ்வளவு தூரம் போவானேன்? 2019 ஜூலை 12 முதல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் கொண்ட இரயிலில் தண்ணீர் வரவில்லையா? ஏரிகள் பல கொண்ட நகரம் அது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் அந்தக் கோடையில் ஏறக்குறைய வெறுந்தரையாயின.

மழை அருகிய நாட்டில் மழையை எப்படிப் போற்றினார்கள் என்பதற்கு வரலாற்றில் ஓர் உயர்ந்த சான்று உண்டு. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் யாத்திரிகர்களின் பாலைவனப் பாதையும் அவர் பெயராலேயே ‘தர்பு ஸுபைதா’ என்று வழங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில் இடையிடையே கிணறுகளும் ‘பிர்கா’ எனப்படும் கற்குளங்களும் அமைந்தன. ஆண்டில் என்றோ ஒரு நாள் பெய்யும் மழை, வறண்ட ஓடைகளில் வெள்ளமாகப் பாயும். அந்த வெள்ளத்தை அணைகட்டித் திருப்பி, முதலில் ஒரு சிறு தொட்டியில் மண்டி தங்கச் செய்து, தெளிந்த நீரைப் பெருங்குளத்தில் சேர்த்தார்கள். சில மணி நேர மழை பல மாதங்களுக்கு யாத்திரிகர்களின் தாகத்தைத் தீர்த்தது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்தும் அக்குளங்களில் சில இன்றும் நிற்கின்றன.

நம் சீமையிலும் அந்த அறிவு இருந்தது. ஊருணியும் கண்மாயும் வேறென்ன? இராஜசிங்கமங்கலம் கண்மாயை, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று எங்கள் பக்கத்தார் சொல்வார்கள். நாரை பறந்து கடக்க முடியாத அளவு அகலமாம். மழை குறைந்த நாட்டில்தான் அத்தனை பெரிய கண்மாய் தேவைப்பட்டது.

மழை மிகுந்தபோது

மழையின் அருமையைப் பேசும்போது அதன் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சியால் தென் மாவட்டங்களில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். ஓராண்டில் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில்! திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் நாற்பதாயிரம் லிட்டர். காயலில் அந்த ஒரு நாளில் ஏக்கருக்கு முப்பத்தெட்டு லட்சம் லிட்டர் விழுந்தது. எந்தச் சாக்கடை அதைத் தாங்கும்?

தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவு இரயில் ஏறத்தாழ எண்ணூறு பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. பக்கத்துக் கிராமத்து மக்கள் தாங்களும் வெள்ளத்தில் இருந்துகொண்டே சமைத்துக் கொடுத்தார்கள். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல், வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்குத் தங்குமிடமாயிற்று. மழை வேண்டித் தொழும் முறையை நமக்குக் கற்றுத் தந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மழை மிகுந்து வீடுகள் இடிந்தபோது அது நீங்கவும் துஆச் செய்தார்கள் என்பதை ஹதீஸில் படிக்கிறோம். அந்த வாரம் நாங்கள் அந்தப் பாடத்தைத்தான் நடத்தினோம். காயலில் உறவினர் உள்ள மாணவர்கள் மூவர். இரண்டு நாட்களாக அவர்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பதில் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

காற்று ஒரு பாகை வெப்பம் கூடினால், ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலாக ஈரத்தைத் தாங்குகிறது. பூமி வெப்பமாகிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், பெய்தால் கொட்டித் தீர்ப்பதும் இல்லையேல் பொய்த்துப் போவதுமாக மழை ஆகிவருவதற்கு விஞ்ஞானிகள் காட்டும் காரணங்களுள் இது முக்கியமானது. சேர்த்து வைக்கும் கலை முன்னைவிட இன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எங்கள் ஊரில் செய்தது பெரிய காரியமன்று. மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. எங்கள் பள்ளிவாசலிலும் ஒரு குழாய் இருக்கத்தான் செய்தது. அது மொட்டைமாடியிலிருந்து இறங்கி, தரைக்கு ஓரடி மேலே நின்றுவிட்டிருந்தது. எத்தனை வீடுகளில் இப்படி! ஜமாஅத்தில் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். 2017 செப்டம்பரில் அவர் கூலி வாங்காமல் குழாயை நீட்டி, கிணற்றருகில் ஒரு தொட்டி கட்டி, அதில் கருங்கல் ஜல்லியும் கரியும் மணலும் பரப்பி, கிணற்றோடு இணைத்தார். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட ஒரு திருகும் வைத்தார். கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐந்நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஐயாயிரம் லிட்டர். சுமாரான ஒரு லாரித் தண்ணீர்.

உடனே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மழை ஓரளவு. மறு ஆண்டு மறுபடியும் குறைவு. கொத்தனாரைக் கேலி செய்தவர்களும் உண்டு. பக்கத்து வீடுகளில் சிலர் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்க இசைந்தார்கள், சிலர் இசையவில்லை. 2021இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுவதும் இயல்பைவிட நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பங்கு அதிகமாகப் பெய்தது. அடுத்த தைமாதத்தில் என் தாயார் மதரஸாக் கிணற்றிலிருந்து ஒரு குடம் எடுத்து வரச் சொல்லி, பருப்பு வேகவைத்துப் பார்த்தார்கள். வெந்தது. குடிப்பதற்கு இன்னும் சற்றுக் கரிப்புத்தான். சமையலுக்கும் உளூவுக்கும் குறைவில்லை. ஹவ்ளில் தண்ணீர் நிற்கிறது.

கேள்வி கேட்ட மாணவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். மதரஸாவை விட்டுப் போகும்வரை, பால் பவுடர் டப்பா ஒன்றை மாடியில் வைத்து, மழை பெய்த நாளெல்லாம் அளவுகோலை இறக்கி, மில்லிமீட்டர் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வந்தான். அவனுக்குப் பின் வந்த பிள்ளைகளும் எழுதி வருகிறார்கள். கையெழுத்து மாறிக்கொண்டே போகிறது. நோட்டின் முதல் பக்கத்தில் ஏழு தண்ணீர்களின் பெயர்களையும் அவன் அரபியில் எழுதி வைத்திருக்கிறான். வானத்து நீரிலிருந்து மற்ற ஐந்துக்கும் ஐந்து கோடுகள். கடலிலிருந்து வானத்துக்கு ஒரு கோடு. புதிய மாணவர்களுக்குத் தண்ணீர்ப் பாடம் தொடங்கும் நாளில் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுகிறேன்.